சரியையா, கிரியையா, யோகமா, ஞானமா: உங்கள் சுபாவத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது எப்படி

"மனம் ஒரு இடத்தில் நிற்குதில்லை, எனக்கு இதெல்லாம் சரிவராது போல" என்று சொல்லுகிற இளம் ஆட்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். கேட்டுப் பார்த்தால் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள்: கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, விடிய நாலரைக்கு எழும்பி, கண்ணை மூடி இருக்கப் பார்த்து, பத்து நாளில் கைவிட்டு, பிறகு தங்களைத் தாங்களே நொந்துகொள்கிறார்கள். நாலு வழி இருக்கிற இடத்தில் மூன்றாவதான யோகத்தில் மட்டும் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கும் இதுதான் நடந்தது. இருபத்தாறு வயதில் ஒரு தியான வகுப்புக்குப் போய்வந்து, வீட்டில் ஆறு மாதம் விடாமல் இருந்து பார்த்தேன். காலையில் அரை மணித்தியாலம், இரவில் அரை மணித்தியாலம். கால் மரத்தது போகட்டும், கோபம் கூடியதுதான் பெரிய கரைச்சல். குசினியில் அம்மா ஒரு சட்டியை இறக்கி வைத்த சத்தத்துக்கே எழும்பிப் போய்ச் சண்டை பிடித்திருக்கிறேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வந்து சொன்னார்: "தம்பி, நீ சின்னனிலேயே ஓடித்திரிஞ்ச ஆள். உன்னைக் கட்டி இருத்தினா கோபம்தான் வரும். நாளைக்கு விடிய என்னோடை சந்நிதிக்கு வா."

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயில் மடங்களில் அன்னதானம் நடப்பது நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மடத்தின் பின்பக்கம் சாக்கு விரித்து, பூசணிக்காயும் கத்தரிக்காயும் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு கத்தியும் பலகையும் என் கையில் தந்தார்கள். கத்தரிக்காயை வெட்டின உடனே தண்ணீருக்குள் போடவேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். அந்த ஒரு கட்டளைதான் எனக்குக் கிடைத்த உபதேசம். பக்கத்தில் இருந்த ஒரு வயதான ஐயா யாரோடும் கதைக்கவில்லை, பூசணியைப் பிளந்து, விதையைப் பெருவிரலால் வழித்து ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் வாய்க்குள் "முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு மணிபோல இருந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. அந்த இரண்டு மணித்தியாலமும் என் மனம் எங்கேயும் போகவில்லை. ஆறு மாதம் கண்ணை மூடித் தேடினது எனக்குக் கத்தியும் கையுமாக இருக்கும்போது வந்தது. ஆகவே நான் சொல்லப்போவது ஒன்றுதான்: எந்த வழி உயர்ந்தது என்று கேட்கிற கேள்வியை விடுங்கள், யாரும் சொல்லாமலே உங்கள் உடம்பும் வாயும் மனமும் எதைச் செய்கின்றன என்று பாருங்கள், வழி அங்கேதான் தொடங்குகிறது.

சரி, முதலில் அந்த நாலும் என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம். சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு பாதம் சொல்கிறது. சரியை உடம்பால் செய்கிற தொண்டு: கோயில் கூட்டுவது, பூமாலை கட்டுவது, விளக்கேற்றுவது, அடியாருக்குச் சோறு போடுவது. கிரியை முறைப்படி செய்கிற பூசை. யோகம் மூச்சையும் மனத்தையும் உள்ளே திருப்புவது. ஞானம் அறிவால் ஆராய்ந்து உண்மையில் நிற்பது. இவற்றுக்கே தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்றும் பெயர். வேலையாள், பிள்ளை, தோழன், பிறகு அந்த எல்லையும் கடந்த உறவு. இதற்கு நால்வரையே உதாரணமாகக் காட்டுவார்கள்: கோயில் புல் செதுக்க உழவாரம் பிடித்த அப்பர் தாச மார்க்கம், பிள்ளையாய் நின்ற சம்பந்தர் சற்புத்திர மார்க்கம், தோழராய் நின்ற சுந்தரர் சக மார்க்கம், மாணிக்கவாசகர் சன்மார்க்கம். வேதாந்தப் பக்கத்தில் கர்ம, பக்தி, ராஜ, ஞான யோகம் என்று பிரிப்பதை விவேகானந்தர் உலகம் முழுக்கப் பரப்பினார். அவர் 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து, இந்துக் கல்லூரியில் வேதாந்தத்தைப் பற்றிப் பேசினார். இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தாது, ஆனால் ஆளுக்கு ஆள் வழி வேறு என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு சிக்கல் வரும். சரியை அரும்பு, கிரியை மலர், யோகம் காய், ஞானம் கனி என்று தாயுமானவர் பாடியிருக்கிறார், அப்படியானால் கனியிலேயே தொடங்கலாமே என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். அரும்பில்லாமல் கனி வந்ததை யார் கண்டது? அதோடு, இந்த நாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் நாலாக இருக்கின்றன என்பதும் சித்தாந்த மரபு: சரியையில் சரியை, சரியையில் கிரியை, சரியையில் யோகம், சரியையில் ஞானம் என்று பதினாறு. இதை அறிந்த நாளிலிருந்து எனக்குப் பெரிய ஆறுதல். மாலை கட்டுகிற ஆச்சி மாலை கட்டுவதை விடாமலே ஞானம் வரைக்கும் போகலாம் என்றுதானே இதற்கு அர்த்தம். உழவாரத்தைக் கீழே வைக்காத அப்பர் பாடாத ஞானமா?

இனி, உங்களை நீங்களே எப்படிப் பார்ப்பது. நான் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன், அதில் முதலாவதுதான் எனக்கு ஆகப் பிடித்தது: கஷ்டம் வந்தால் கடவுளோடு எப்படிக் கதைக்கிறீர்கள்? இதை நல்லூரில் ஒரு வெள்ளிக்கிழமை நின்று பார்த்தாலே விளங்கும். ஒருவர் வாயே திறக்காமல் வீதியைச் சுற்றிவந்து, பிரதட்டை செய்துவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு போவார். ஒரு தாய் கோபுரத்தைப் பார்த்து "உனக்குக் கண் இல்லையோ முருகா, எத்தனை தரம் உன்ரை வாசலுக்கு வந்திட்டன்" என்று உரிமையோடு ஏசுவார். இன்னொருவர் பிள்ளை தகப்பனிடம் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பார். வேறொருவர் ஒன்றுமே கேட்காமல் தூணோடு சாய்ந்து இருப்பார். ஏசுகிற தாயைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கண் பார்வை போனபோது சுந்தரர் திருவாரூர் பெருமானிடம் கதைத்ததும் அந்தத் தொனியில்தான். நீங்கள் வேலையாளாய்க் கதைக்கிறீர்களா, பிள்ளையாயா, தோழனாயா, அல்லது பேச்சே இல்லையா? யோசித்துப் பதில் எழுதவேண்டாம், கடைசியாக நெஞ்சு உடைந்த நாளை ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

இரண்டாவது, கோயிலுக்குப் போனால் உங்களை எது பிடித்து நிறுத்துகிறது? நம் ஊரில் நல்லூரானை அலங்காரக் கந்தன் என்றும், மாவிட்டபுரத்தானை அபிஷேகக் கந்தன் என்றும், சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்றும் சொல்லுவோம். ஒரே முருகன்தான், மூன்று சுபாவத்துக்கு மூன்று விதமாக வந்து நிற்கிறான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கண் வழியாகப் பக்தி வருகிறவர்கள் நல்லூர் வசந்த மண்டபத் திரை விலகுகிற அந்த ஒரு நொடிக்காக மணிக்கணக்காய் நிற்பார்கள். முறையும் ஒழுங்கும் பிடித்தவர்கள் அபிஷேகத்தில் எது முன், எது பின் என்று கவனிப்பார்கள், ஒரு கிரியை தவறினாலும் மனம் துடிக்கும். அவர்கள் கிரியைக்குப் பிறந்தவர்கள். கை சும்மா இருக்காதவர்கள் மடத்துக்குப் போய்விடுவார்கள். காது வழியாக வருகிறவர்களும் இருக்கிறார்கள்: பஞ்சபுராணம் ஓதும்போது தேவாரம் தொடங்கின உடனே கண் கலங்குகிறவர்கள், மார்கழியில் விடியற்காலை திருவெம்பாவைச் சங்குச் சத்தத்துக்கு யாரும் எழுப்பாமலே எழும்புகிறவர்கள். உங்களுக்குக் குரல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூட்டத்தோடு சேர்ந்து திருவாசக முற்றோதலுக்குப் போய் இருந்து பாருங்கள்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் நேரம் எடுக்கும். அறுபத்துமூன்று நாயன்மார் கதைகளையும் ஒருமுறை வாசியுங்கள், பெரியபுராண வசனமே போதும். அது எனக்கு சுபாவங்களின் அட்டவணை போலவே தெரிகிறது. கண் தெரியாத தண்டியடிகள் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு குளம் தோண்டுகிறார். கையில் காசில்லாத பூசலார் மனதுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டுகிறார். இளையான்குடிமாறர் மழை இரவில் விதைத்த நெல்லை அரித்துக் கொண்டுவந்து விருந்து கொடுக்கிறார். முருக நாயனார் பூ, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ், உருத்திர பசுபதியார் கழுத்தளவு தண்ணீரில் நின்று உருத்திரம். வாசிக்கும்போது ஏதாவது ஒரு கதையில் தொண்டை அடைக்கும், அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள். எனக்கு அது இளையான்குடிமாறர். என் தங்கைக்குப் பூசலார், அவள் சின்ன வயதிலிருந்தே வாய் திறக்காத பிள்ளை, இப்போதும் பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒரு மணித்தியாலம்தான் அவளுடைய கோயில்.

ஞான வழிக்காரரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இந்தச் சுபாவம் நிறைய இருக்கிறது. ஏன், எதற்கு என்று கேட்காமல் ஒன்றையும் ஏற்காத பிள்ளையை "குறுக்குக் கேள்வி கேட்கிறான்" என்று அடக்கிவிடுகிறோம். அவனுக்கு வழி வைத்திருந்தவர்கள்தான் நாங்கள். கோயிலில் கந்தபுராணம் படித்து ஒருவர் பயன் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற கிழவர் இடையில் நிறுத்திப் பொருள் கேட்கிற வழக்கம் இங்கே இருந்தது, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இந்த மண்ணின் பண்பாட்டுக்கே கந்தபுராணக் கலாசாரம் என்றுதான் பெயர் வைத்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கி, பிறகு அச்சுக்கூடமும் வைத்த ஆறுமுக நாவலருக்குப் புத்தகமே தொண்டாக இருந்தது. கேள்வி கேட்கிற பிள்ளைக்கு சைவ வினாவிடையில் தொடங்கி, பிறகு ஒரு நல்ல ஆசிரியரிடம் சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதம் கேட்கலாம். பன்னிரண்டே சூத்திரம்தான், ஆனால் தனியே வாசித்து முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வழிக்கு நான் வைக்கிற சோதனை ஒன்று: உங்கள் கேள்வி கடைசியில் உங்களிடமே திரும்பி வருகிறதா, அல்லது மற்றவனை மடக்குவதோடு முடிந்துவிடுகிறதா? மடக்குவதில்தான் சுகம் என்றால் அது ஞானச் சுபாவம் இல்லை, வாதச் சுபாவம். அப்படியானவர்கள் கொஞ்ச நாள் சரியைக்கு வந்து வீதி கூட்டுவது மிகவும் நல்லது.

யோகத்துக்குச் சுபாவம் உள்ளவர்களும் இல்லாமல் இல்லை. தனிமை சுமையாகத் தெரியாதவர்கள், சாப்பாடும் நித்திரையும் தானாகவே அளவாக இருக்கிறவர்கள், கீரிமலைக் கேணிக்கரையில் ஒரு மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு வரக்கூடியவர்கள். அவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், எட்டு உறுப்பில் இயமம், நியமம் என்ற முதல் இரண்டையும் தாண்டிக் குதிக்கவேண்டாம். பொய், களவு, கொலை நீங்குவதும், ஒழுக்கமும் துப்புரவும்தான் முதல் இரண்டு படி. மூச்சுப் பயிற்சி நாலாவது. மூச்சை அடக்குகிற பயிற்சியை முன்னால் இருந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஒருவர் இல்லாமல் செய்யாதீர்கள்.

இன்னொன்று, இதை மெல்லச் சொல்கிறேன். எங்கள் ஊரில் போரில் பறிகொடுக்காத வீடு குறைவு. அப்படியான பாரம் நெஞ்சில் இருக்கிறவர்கள் இருட்டறையில் கண்ணை மூடித் தனியே இருந்தால், அமைதிக்குப் பதிலாகப் பழைய சத்தங்கள் வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படிப் பட்ட பாட்டைக் கண்டிருக்கிறேன். அவருக்கு ஆட்களோடு சேர்ந்து செய்கிற வேலையும் சத்தமாய்ப் பாடுகிற பாட்டும்தான் உதவின, கூடவே வைத்தியரும். மருந்து எடுக்கிறவர்கள் அதை நிறுத்தவே வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரோடு இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம், வைத்தியரைக் கேட்டுவிட்டு முடிந்த அளவு பிடியுங்கள்.

எது என்று ஓரளவு பிடிபட்டதும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். நேரம் சின்னதாக இருக்கட்டும், இடமும் பொழுதும் மாறாமல் இருக்கட்டும். மாலை கட்டுவதென்றால் தினமும் ஒரு முழம், அதற்கு மேல் ஆசைப்படவேண்டாம். தேவாரம் என்றால் ஒரு பதிகம், அதே பதிகம். வாசிப்பு என்றால் ஒரு பக்கம் வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, வாசித்ததை உங்கள் சொல்லில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பூசை என்றால் சமய தீட்சை எடுத்துக்கொண்டு, திருநீறும் ஐந்தெழுத்தும் விளக்கும் பூவும் என்று எளிமையாகத் தொடங்குங்கள். விரிவான ஆன்மார்த்த பூசைக்கு விசேட தீட்சை வேண்டும், அதைக் குருவிடம்தான் கேட்கவேண்டும். இடையில் பஞ்சி, அதாவது சோம்பல், வரும், இருபதாவது நாளுக்குக் கிட்ட எனக்குக் கட்டாயம் வரும். பஞ்சி வருவது வழி பிழை என்பதற்கு அடையாளம் இல்லை. ஆனால் செய்து முடிக்கும்போதெல்லாம் மனம் முன்னையதைவிட இறுகியிருந்தால், வீட்டில் சத்தம் போடுவது கூடியிருந்தால், வழியை மாற்றுங்கள். அளவுகோல் வீட்டு ஆட்கள்தான். அனுபவம், காட்சி, உடம்பு சிலிர்ப்பு எல்லாம் வந்துபோகும், அதை வைத்து அளக்காதீர்கள். நான் சந்நிதிக்குப் போகத் தொடங்கி இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மா பெரியப்பாவிடம் "இப்ப பெடியன் சாப்பிடேக்கை கதைக்கிறான்" என்று சொன்னாராம்.

ஒன்றைச் செய்ய முடியாவிட்டால் அடுத்ததுக்கு இறங்குவதில் வெட்கமும் இல்லை. கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் கண்ணன் அப்படித்தான் சொல்கிறான்: மனத்தை என்னிடம் வை, முடியாதா, பழகிப் பார், அதுவும் முடியாதா, எனக்காக வேலை செய், அதுவும் ஏலாதென்றால், செய்கிற வேலையின் பலனையாவது விட்டுவிடு. ஏலாது என்று சொன்னவனை அவன் ஒரு இடத்திலும் வெளியே அனுப்பவில்லை.

வீட்டுக்குள்ளே பெரும்பாலும் சண்டை வருவது, தன் வழியை மற்றவர் மேல் திணிப்பதால்தான். காளத்தியில் சிவகோசரியார் ஆகம முறைப்படி பூசை செய்தார், கண்ணப்பர் வாயில் தண்ணீரும் கையில் இறைச்சியும் கொண்டு வந்தார். சிவகோசரியார் துடித்துப்போனார், ஆனால் இறைவன் அவரையும் தள்ளவில்லை, ஒளித்து நின்று பார் என்றுதான் சொன்னார். மனைவி மணி அடித்துப் பூசை செய்யட்டும், நீங்கள் மாட்டுக்குப் புல்லுப் போடுங்கள். மகன் கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு, ஒழுங்கையில் கிடக்கிற காயப்பட்ட நாய்க்கு மருந்து கட்டுகிறானா? அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

குரு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் தேடி ஓடுவது பெரும்பாலும் வீண். செல்லப்பா சுவாமிகள் நல்லூர்த் தேரடியில் இருந்தபோது விசர் என்று நினைத்து எத்தனையோ பேர் தாண்டிப் போனார்கள். கிளிநொச்சிப் பக்கம் நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்த ஒருவருக்குத்தான் அவரைக் குரு என்று தெரிந்தது. அவரைத்தான் பிறகு யோகர் சுவாமிகள் என்று ஊர் கும்பிட்டது. கொழும்புத்துறையில் அவர் 1964இல் சமாதி அடையும்வரைக்கும் வக்கீலும் வந்தார், வாத்தியாரும் வந்தார், தோட்டக்காரரும் வந்தார், எல்லோருக்கும் அவரவர் செய்கிற வேலையையே சிவதொண்டாய்ச் செய்யச் சொன்னார். ஆகவே குரு வரும்வரைக்கும் கையில் இருக்கிறதைச் செய்துகொண்டிருங்கள்.

எதுவும் பிடிபடவில்லை, எல்லாக் கேள்விக்கும் "தெரியாது" என்றுதான் பதில் வருகிறது என்றால், என்னை மாதிரிச் சரியையில் தொடங்குங்கள், அதற்குத் தகுதி, தீட்சை, புத்தகம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு முன்னமே சந்நிதிக்குப் போங்கள், பிந்திப் போனால் வெட்டுகிற வேலை முடிந்து பரிமாறுகிற வேலைதான் மிஞ்சும். குளித்துவிட்டு, மச்சம் சாப்பிடாமல் போங்கள். ஏதாவது ஒரு மடத்தின் பின்பக்கம் போய் "ஐயா, என்ன செய்ய?" என்று கேட்டால் போதும், பெயர்கூடக் கேட்கமாட்டார்கள். கத்தியை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள், அங்கே இருக்கிறவை பெரும்பாலும் மொட்டை.